காவலுக்குள் மூன்றாமவர்: செங்கல்பட்டு வட்டாரக் காவல் நிறுவனங்களை முன்வைத்துச் சீருடையற்ற உதவிப்பணியின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் சிறைவரலாறு பெரும்பாலும் கைதி, காவலர் என்னும் இருவரை மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. சமைப்பவர், மருந்து கொடுப்பவர், கற்பிப்பவர், கணக்கெழுதுபவர், துப்புரவு செய்பவர் ஆகியோர் அவ்வரலாற்றில் மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றனர். 1894ஆம் ஆண்டின் சிறைச்சட்டம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சீர்திருத்தப் பள்ளி, அதே ஊரில் இயங்கிய சிறப்பு முகாம், சிறைகளில் சாதிவழி வேலைப்பகிர்வு குறித்த 2024ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை இணைத்து இக்கட்டுரை அவ்வுதவிப்பணியின் வரலாற்றை ஆராய்கிறது. உதவிப்பணி ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறொரு பெயரில் அடைக்கப்பட்டது. அதனால் அப்பணியாளர் தண்டனைக்கு உரியவராகக் கருதப்பட்ட அளவிற்குச் சாட்சியாகக் கருதப்படவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சிறைச்சட்டம், உதவிப்பணி, கைதி அலுவலர், சீர்திருத்தப் பள்ளி, சிறப்பு முகாம், செங்கல்பட்டு, உத்திரமேரூர்.

முன்னுரை

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரம், ஆங்கிலேயர் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில் அடங்கியிருந்தது. 1997இல் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. ஆகவே, செங்கல்பட்டு நகரில் அமைந்த காவல் நிறுவனங்களின் வரலாறு, ஏறத்தாழ அவற்றின் முழுக்காலமும், உத்திரமேரூர் போன்ற ஊர்ப்புறங்களையும் உள்ளடக்கிய ஒரே மாவட்டத்தின் வரலாறாகவே இருந்துவந்துள்ளது.

காவல் நிறுவனம் என்பது மதிலும் பூட்டும் மட்டும் அன்று. அடைக்கப்பட்டவருக்கு நாள்தோறும் உணவு வேண்டும், நீர் வேண்டும், நோய் வந்தால் மருந்து வேண்டும், கழிவு அகற்றப்பட வேண்டும், இவற்றுக்கெல்லாம் கணக்கு வேண்டும். வெளியே தன் தேவையைத் தானே நிறைவுசெய்துகொள்ளும் மனிதர், உள்ளே வந்தபின் இவை அனைத்திற்கும் பிறரைச் சார்ந்து நிற்கிறார். எனவே உதவிப்பணி காவலுக்குப் புறம்பானது அன்று. காவல் அன்றாடம் நிகழும் முறையே அது. அப்பணியைச் செய்தவர் யார், சட்டம் அவரை எப்பெயரால் அழைத்தது, அவர் கண்டதைச் சொல்ல இடம் இருந்ததா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

சட்டம் பெயரிட்டவரும் பெயரிடாதவரும்

1894ஆம் ஆண்டின் சிறைச்சட்டம் ஒவ்வொரு சிறைக்கும் இருக்கவேண்டிய அலுவலர்களை ஆறாம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது: கண்காணிப்பாளர், மருத்துவ அலுவலர், மருத்துவச் சார்நிலையர், சிறை அதிகாரி. அதன்பின் மாகாண அரசு தேவையெனக் கருதும் ஏனைய அலுவலர்கள் என்னும் பொதுத்தொடரோடு வரிசை முடிந்துவிடுகிறது. சமையல், துப்புரவு, முடிதிருத்தம், தொழிற்பயிற்சி, எழுத்துப்பணி ஆகிய அனைத்தும் இந்த ஒரு தொடருக்குள் அடங்குகின்றன.

பெயரிடப்பட்டவருள் இருவர் நம் கவனத்திற்கு உரியவர். ஒருவர் மருத்துவச் சார்நிலையர். உதவி அறுவை மருத்துவர், அப்போதிக்கரி, தகுதிபெற்ற மருத்துவமனை உதவியாளர் ஆகியோரை இச்சொல் குறிக்கும் எனச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வரையறுக்கிறது. மற்றொருவர் மேட்ரன். பெண் கைதிகளைச் சோதனையிடும் பொறுப்பை 24ஆம் பிரிவு அவருக்கு அளிக்கிறது. இவ்விருவருக்கும் பெயரும் உண்டு, கடமையும் உண்டு. ஏனையோருக்குக் கடமை கண்காணிப்பாளரின் கட்டளையாலும் விதிகளாலும் மட்டுமே அமைகிறது.

ஆனால், தண்டனை என்று வரும்போது இப்பாகுபாடு மறைந்துவிடுகிறது. சிறை அலுவலர் எவரும் கைதிக்கு எப்பொருளையும் விற்றலோ அவரோடு பணத்தொடர்பு கொள்ளலோ கூடாது என்கிறது 9ஆம் பிரிவு. சிறைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் அவர் பங்குகொள்ளக் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. உள்ளே வரும், வெளியே செல்லும் எப்பொருளையும் வாயிற்காவலர் சோதிக்கலாம் என்கிறது 21ஆம் பிரிவு. தடைசெய்யப்பட்ட பொருளைக் கொண்டுவருபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க 42ஆம் பிரிவு இடமளிக்கிறது. கடமை தவறும் சார்நிலைப் பணியாளருக்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்க 54ஆம் பிரிவு வழிசெய்கிறது. பணியை விரித்துரைக்கும் இடத்தில் பெயரின்றி நிற்பவர், தண்டனை கூறும் இடத்தில் முழுமையாகத் தென்படுகிறார். சட்டத்தின் இந்த அமைப்பே பின்வந்த நூற்றாண்டின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

கைதியே பணியாளர்

உதவிப்பணியைச் செய்யத் தனிப் பணியாளர் அமர்த்தப்படாதபோது அதைச் செய்தவர் கைதியே. சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு முத்திரை இட்டது. சிறை அலுவலராக அமர்த்தப்பட்ட கைதிகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியராகக் கருதப்படுவர் என்று அப்பிரிவு கூறுகிறது. கன்விக்ட் வார்டர் எனத் தமிழ்ச் சிறை நினைவுக்குறிப்புகளில் வழங்கும் பதவி இம்மரபினது. அந்தமான் செல்லுலார் சிறையில் தண்டல், ஜமேதார், பெட்டி ஆபீசர் முதலிய பெயர்களில் கைதிகளே கைதிகளை மேய்த்தனர்.

இம்முறைக்குச் செலவுக் குறைப்பு ஒரு காரணம்; சாதி மற்றொரு காரணம். 1836இல் அமைக்கப்பட்டு 1838இல் அறிக்கை அளித்த சிறை ஒழுங்குக் குழுவிற்குப் பிறகு, கைதிக்குப் பணம் கொடுத்து அவரவர் சமைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் கைவிடப்பட்டுப் பொதுச் சமையல் புகுத்தப்பட்டது. சாதி கெடும் என்னும் அச்சத்தால் வட இந்தியச் சிறைகளில் எதிர்ப்பு எழுந்தது. 1855இல் பீகாரின் ஆரா, முசாபர்பூர் ஆகிய ஊர்களில் உலோகச் செம்பைப் பறித்து மண்கலம் கொடுத்ததை எதிர்த்துக் கலகமே வெடித்தது. நிருவாகம் கண்ட எளிய தீர்வு, வெளியிலுள்ள சாதிப் படிநிலையை உள்ளே வேலைப்பட்டியலாக மாற்றுவதே. ‘உயர்ந்த’ சாதிக் கைதி சமைத்தார். ஒடுக்கப்பட்ட சாதிக் கைதி கழிவகற்றினார். சம்பளம் இல்லாத பணியாளர் கிடைத்தார், கலகமும் தவிர்க்கப்பட்டது. அதற்கான விலையை ஒடுக்கப்பட்ட கைதி இருமுறை செலுத்தினார்: ஒருமுறை தண்டனையாக, மறுமுறை பிறப்பின் வேலையாக.

சென்னை மாகாண ஆட்சிப் பணியாளரான அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919–20இல் செயல்பட்ட இந்தியச் சிறைக் குழு, திருத்தமே சிறையின் நோக்கம் என வலியுறுத்தியது. கைதி அலுவலர் முறையின் குறைகளையும் எடுத்துக்காட்டியது. ஆயினும் சமையற்கட்டிலும் கழிவறையிலும் வேலைப்பகிர்வு தொடர்ந்தது. மாநிலச் சிறைக் கையேடுகள் பலவற்றில் சாதிச்சொற்களே நீண்டகாலம் நிலைத்தன.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இம்மரபை நேராக எதிர்கொண்டது. தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் கொண்ட அமர்வு, சாதி அடிப்படையில் வேலை ஒதுக்கும் கையேட்டு விதிகளை அரசமைப்பிற்கு முரணானவை எனச் செல்லாததாக்கியது. கையேடுகளை மூன்று மாதத்திற்குள் திருத்தவும், சிறைப் பதிவேடுகளில் சாதிக்குரிய பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அவ்வழக்கில் பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கவே பிரித்துவைக்கிறோம் என்னும் நிருவாக விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னர் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 17ஆம் உறுப்போடு கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் உறுப்பையும் தீர்ப்பு துணைக்கொண்டது. சிறையின் உதவிப்பணி ‘உழைப்பு’ என்னும் பெயரில் அரசமைப்பு ஆய்வுக்குள் வந்தது இங்கே குறிப்பிடத்தக்கது.

முகாம் என்னும் பெயர்

சிறை அல்லாத காவலிடங்களில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 1990 முதல் தமிழகத்தில் இலங்கைத் தமிழருள் சிலரை அடைத்துவைக்கச் சிறப்பு முகாம்கள் உருவாயின. செங்கல்பட்டில் பழைய கிளைச்சிறை வளாகமே அத்தகைய முகாமாயிற்று. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டத்தின் 3(2)(உ) கூறு, அயல்நாட்டவர் ஒருவர் குறிப்பிட்ட இடத்தில் தங்க ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. சட்டத்தின் பார்வையில் அது தண்டனை அன்று; ‘தங்குதல்’. ஆகவே அக்கட்டடம் சிறையும் அன்று, ‘முகாம்’.

இப்பெயர்மாற்றத்தின் விளைவு பணியாளரிடத்தே தெளிவாகத் தெரிகிறது. முகாம் நிருவாகம் சிறைத்துறையிடம் இல்லாமல் வருவாய்த் துறையிடம் இருந்தது. காவல் பணி காவல்துறைக்கு உரியது. நிலவரி, சாதிச் சான்று, வறட்சி நிவாரணம் என்று பணிசெய்துவந்த வருவாய் அலுவலர், அடைத்துவைக்கப்பட்டோரின் நாள்படி, மருத்துவமனைக்கு அனுப்புதல், உறவினர் சந்திப்பு, மனு ஆகியவற்றைக் கவனிக்கும் நிலைக்கு மாற்றப்பட்டார். சிறைச்சட்டத்தின் கட்டுப்பாடுகள் அவரைத் தொடவில்லை. அச்சட்டம் கைதிக்கு அளிக்கும் குறைந்தபட்சப் பதிவுமுறைகளும் அங்கே தாமாகச் செல்லுபடியாகவில்லை. தண்டனைக் கைதிக்கு விடுதலை நாள் உண்டு. முகாமில் இருப்பவருக்கு அது இல்லை. உண்ணாவிரதங்கள் மீண்டும் மீண்டும் இம்முகாம்களில் நிகழ்ந்தமைக்கு இக்காலவரையின்மையே முதன்மைக் காரணம். அவ்வுண்ணாவிரதத்தை முதலில் காண்பவரும், அதற்கு மறுமொழி கூறும் அதிகாரம் இல்லாதவரும் ஒருவரே: முகாமின் உதவிப்பணியாளர்.

பள்ளி என்னும் பெயர்

செங்கல்பட்டில் 1880களில் தோன்றிய சீர்திருத்தப் பள்ளி, சென்னை மாகாணத்தில் இளங்குற்றவாளிகளுக்கென அமைந்த தொடக்ககால நிறுவனம். 1876ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டமும் அதனை அடுத்து வந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய பள்ளிகளுக்கு அடிப்படை. பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவரைச் சிறைக்கு மாற்றாக மூன்று முதல் ஏழு ஆண்டுகள் பள்ளியில் வைக்க 1897ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

அச்சட்டம் ஒரு பள்ளிக்கு விதிக்கும் தகுதிகள் நான்கு: இரவில் சிறுவரைத் தனித்தனியே வைக்கும் வசதி, முறையான சுகாதாரம், நீர், உணவு, உடை, படுக்கை, தொழிற்பயிற்சிக்கான ஏற்பாடு, நோயுற்றோருக்கான இடம். இந்நான்கும் உதவிப்பணியாளரால் நிறைவேற்றப்படுபவை. தச்சும் நெசவும் கற்பிக்கும் ஆசிரியரும் சமையல்காரரும் மருந்தாளரும் இல்லையெனில் சட்டத்தின் பொருளில் அது பள்ளியே ஆகாது. இருப்பினும் அவர்களைச் சட்டம் பெயரால் சுட்டவில்லை. பொதுக்கல்வி நிருவாக அறிக்கைகளில் செங்கல்பட்டுப் பள்ளி ஒரு கல்வி நிறுவனமாகவே இடம்பெற்றது. ‘பள்ளி’ என்னும் பெயர் ஒரு நன்மையைச் செய்தது. சிறுவன் ‘கைதி’ என்று அழைக்கப்படவில்லை. அதே பெயர் ஒரு மறைப்பையும் செய்தது. கதவைப் பூட்டும் ஆசிரியரும் ஆசிரியராகவே எண்ணப்பட்டார்.

இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டமான 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டத்திற்குப் பின் இந்நிறுவனம் சான்றிதழ்ப் பள்ளியாயிற்று. பிற்காலத்தில் அரசினர் சிறப்பு இல்லமாயிற்று. 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளின் இளைஞர் நீதிச் சட்டங்கள் பெயர்களை மேலும் மென்மையாக்கின. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 100 குழந்தைகள் தங்கும் இல்லத்திற்கான பணியாளர் பட்டியலைத் தந்து, அதில் ஆற்றுப்படுத்துநர், இல்லத் தாய் அல்லது தந்தை, பண்டகக் காப்பாளர், சமையலர், உதவியாளர், துப்புரவாளர் ஆகியோரை ஒருங்கே குறிப்பிட்டன. 1894ஆம் ஆண்டின் ‘ஏனைய அலுவலர்’ என்னும் தொடர் 122 ஆண்டுகளுக்குப் பின் விரிக்கப்பட்டது எனலாம். தண்டனையும் உடன் வளர்ந்தது. குழந்தையைக் காக்கும் நிறுவனத்தில் பணிபுரிபவர் கொடுமை இழைத்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து இலட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இடமளிக்கிறது.

2022 டிசம்பர் இறுதியில், திருட்டு வழக்கில் பிடிக்கப்பட்டுச் செங்கல்பட்டு இல்லத்திற்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன், வந்த சில நாளிலேயே உயிரிழந்தான். 2023 ஜனவரியில் இல்லப் பணியாளர் ஆறு பேர் கைதுசெய்யப்பட்டனர். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றமே முடிவுசெய்யும். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் ஒன்று வரலாற்று மாணவரின் கவனத்திற்கு உரியது. கைதானவர் சிறைக்காவலர் அல்லர்; குழந்தைப் பராமரிப்பு நிறுவனத்தின் பணியாளர். இந்நிகழ்வுக்குப்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, இல்லங்களின் நிருவாகத்தையே ஆராய்ந்து 2023இல் அறிக்கை அளித்தது. ஓர் இறப்பைப் புரிந்துகொள்ள நிறுவனத்தின் அன்றாடத்தையே ஆராயவேண்டியிருந்தது என்பது, உதவிப்பணி காவலின் நடுவில் இருப்பதை உறுதிசெய்கிறது.

அறிந்தவரும் எழுதுபவரும்

சிறையில் ஒருவர் இறந்தால் மருத்துவ அலுவலர் பதிவேட்டில் எழுதவேண்டியவற்றை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு நுட்பமாக வகுத்துள்ளது. இறந்தவர் நோயுற்றதாக முதலில் முறையிட்ட நாள், அன்று அவர் செய்த வேலை, அன்று அவருக்கு வழங்கப்பட்ட உணவின் அளவு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நாள், மருத்துவ அலுவலருக்கு முதலில் தெரிவிக்கப்பட்ட நாள், இறப்பதற்கு முன் அவரைக் கடைசியாக மருத்துவர் கண்ட நேரம் ஆகியன அவற்றுட் சில.

இவற்றை முதலில் அறிந்தவர் யார்? வேலையை அறிந்தவர் தொழிற்கூட மேஸ்திரி. உணவை அறிந்தவர் சமையல்காரர். உண்ணாமல் திருப்பி அனுப்பப்பட்ட தட்டைக் கண்டவரும் அவரே. முதல் முறையீட்டைக் கேட்டவர் பெரும்பாலும் அருகில் பணிபுரிந்தவர். ஆனால் நோயுற்றவரைப் பற்றித் தெரிவிக்கும் சங்கிலியை 37ஆம் பிரிவு, உடனடிப் பொறுப்பிலுள்ள அலுவலர், சிறை அதிகாரி, மருத்துவச் சார்நிலையர் என்றே அமைக்கிறது. அறிந்தவரும் எழுதுபவரும் வேறு வேறானவர். முறையிட்ட நாளுக்கும் மருத்துவருக்குத் தெரிவித்த நாளுக்கும் இடையே இடைவெளி இருக்கக்கூடும் என்பதை உணர்ந்தே சட்டம் இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. அவ்விடைவெளியில் நின்றவரின் சொல்லை மட்டும் அது கேட்கவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். உதவிப்பணியாளர் குறைந்த ஊதியத்தில் படிநிலையின் அடியில் உள்ளவர். அவருக்கு மேலும் பொறுப்பைச் சுமத்துவது அநீதி அன்றோ? மறுப்பு நியாயமானதே. ஆனால் பொறுப்பு முன்னரே சுமத்தப்பட்டுவிட்டது; 1894ஆம் ஆண்டின் 54ஆம் பிரிவும் 2015ஆம் ஆண்டின் 75ஆம் பிரிவும் அதற்குச் சான்று. அவருக்கு இல்லாதது, கண்டதைத் தன் பெயரில் பதியும் உரிமையும், பதிந்ததற்காகப் பழிவாங்கப்படாத காப்பும். அவ்விரண்டும் இல்லாத இடத்தில் நல்லெண்ணமுள்ள பணியாளருக்கு எஞ்சுவது மௌனம்; தீயெண்ணமுள்ளவருக்கு எஞ்சுவது மறைவிடம்.

சிறைவரலாற்று ஆய்வுமுறைக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலிய அரசியல் கைதிகளின் தன்வரலாறுகளே தமிழில் சிறைவரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவை விலைமதிப்பற்றவை. ஆயின் அவை தண்டனைபெற்றவரின் பார்வையில் அமைந்தவை. உணவுப் பதிவேடு, பண்டகக் கணக்கு, மருந்துக் குறிப்பு, தொழிற்கூட வருகைப்பட்டியல் ஆகியவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் படிக்கும்போதே காவலின் அன்றாடம் முழுமையாகப் புலப்படும்.

முடிவுரை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் அடுத்த தேர்வுக்குத் தகுதியற்றவராக்கும் விதி அவற்றில் உண்டு. பிரமதேயத்து நிலவுடைமையாளருக்கு மட்டுமே உரியதாக இருந்த அச்சபையை இன்றைய மக்களாட்சிக்கு ஒப்பிடுவது பொருந்தாது. எனினும் ஒரு கருத்து அங்கே தெளிவு: பணியை ஏற்பவர் பெயரால் அறியப்பட்டவர், கணக்கை அவரே காட்டவேண்டியவர். பணியும் கணக்கும் ஒருவரிடமே இணைந்திருந்தன.

அதே வட்டாரத்தின் பிற்காலக் காவல் நிறுவனங்களில் இவ்விணைப்பு அறுந்தது. சிறையில் உதவிப்பணி கைதியின் சாதிவேலையாயிற்று; முகாமில் வருவாய் அலுவலரின் கூடுதல் பணியாயிற்று; இல்லத்தில் பராமரிப்பு ஆயிற்று. மூன்று பெயர்களும் அது காவலின் பகுதி என்பதை மறைத்தன. 2024ஆம் ஆண்டின் தீர்ப்பு முதல் பெயரை அகற்றியது. அதன்பின் சமையற்கட்டிலும் கழிவறையிலும் பணிசெய்யப்போவது யார், எந்த ஊதியத்தில், எந்த உரிமையோடு என்னும் வினா இனித்தான் விடைபெற வேண்டும். கையேடுகளைத் திருத்துவோர் சாதிச்சொற்களை நீக்குவதோடு நின்றுவிடாமல், உதவிப்பணியாளர் தாம் கண்டதைப் பதியும் ஒரு பத்தியையும் சேர்ப்பார்களாயின், 15ஆம் பிரிவு கேட்கும் வினாக்களுக்கு, இறப்பு நேர்வதற்கு முன்னரே விடை கிடைக்கும்.